சத்து ஊசி

நூலு ஒரு சிப்பிப்பாறை நாய். நீள மூஞ்சி, ஒட்டிய வயிறு, தூரத்தில் நின்றே எண்ணிவிடலாம் என்கிற மாதிரி விலா எலும்பு. முயல் விரட்டுகிற இனம், அது அப்படித்தான் இருக்கும். இதைத் தெருவுக்குச் சொல்லிச் சொல்லியே செண்பகவல்லிக்கு நாலு வருஷமாக வாய் வலித்தது. சங்கரன்கோவிலில் ஒரு நாய் ஒல்லியாக இருந்துவிட்டால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் டாக்டராகிவிடுவார்கள். பால் ஊற்ற வருகிறவர் கேட்பார், "என்னக்கா, நாய்க்குச் சோறு போடுததில்லையா?" கரண்டு பில் எடுக்க வருகிறவர் கேட்பார். தன் வீட்டு நாயை நெய்ச்சோறு போட்டு அண்டா மாதிரி ஆக்கி, அது நாலு படி ஏற முடியாமல் மூச்சு வாங்குவதை வேடிக்கை பார்க்கிற எதிர்வீட்டுக்காரியும் கேட்பாள்.

நூலு என்ற பேரை வைத்தது அவள் புருஷன் சங்கரபாண்டி. வீட்டுக்குப் பின்னால் மூன்று விசைத்தறி ஓடுகிறது. திருவேங்கடம் ஊர்ப் பக்கமிருந்து செண்பகவல்லியின் தம்பி குட்டியைக் கொண்டுவந்து விட்ட அன்று, "இது நாயா, அறுபதாம் நம்பர் நூலா?" என்று அந்த மெல்லிசு நூலைச் சொல்லி இவன் சிரித்தான். பேர் நின்றுவிட்டது. பேர் வைத்ததோடு அவன் வேலை முடிந்தது. சோறு, குளிப்பாட்டு, உண்ணி எடுப்பது, ராத்திரி இடி இடித்தால் கட்டிலுக்கடியில் கையை விட்டுத் தடவிக்கொடுப்பது எல்லாம் செண்பகவல்லி.

அந்த நூலு மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. எப்போதும் இரண்டாம் தறிக்கு முன்னால் காலை நீட்டிப் படுத்திருக்கும், அவள் காலடிச் சத்தம் கேட்டால் அத்தனை தறிச் சத்தத்திலும் தலையைத் தூக்கும். அன்று காலையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கூப்பிட்டும் கண்ணை மட்டும் திறந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ரூபியா டாக்டர்ட்ட கொண்டு போவோங்க."

"அந்தப் பேச்ச எடுக்காத," என்றான் சங்கரபாண்டி.

திருவேங்கடம் ரோட்டில் சின்னதாக மருத்துவமனை வைத்திருக்கிற டாக்டர் ரூபியாதான் நூலுவைக் குட்டியிலிருந்து பார்த்தவர். போன வருஷம் கோயில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள், செண்பகவல்லி கரிவலம்வந்தநல்லூருக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, சங்கரபாண்டி நாயை அங்கே கொண்டு போயிருக்கிறான். திரும்பி வந்தவள் கேட்டதற்கு, "சும்மா காட்டத்தான் போனேன். அந்தம்மாவுக்கு மண்டக்கனம். மரியாத தெரியல. இனி அந்த வாசப்படிய மிதிக்கக்கூடாது" என்றான். ஏன் என்று கேட்டாள். கேட்கக் கேட்க அவன் குரல் ஏறியது. சரி, வீட்டில் ஒரு சண்டை குறையட்டும் என்று விட்டுவிட்டாள். அப்படி விட்டதை நினைத்து இப்போது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல். அதன்பிறகு நாய்க்கு என்று ஒரு டாக்டர் கிடையாது. காது புண்ணுக்குத் தென்காசியில் ஒருவர், சொறிக்கு மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு, பூச்சி மருந்துக்கு எங்கேயோ நடந்த முகாம். ஒவ்வொரு இடத்திலும் நூலு புதுநாய்தான்.

"அப்ப இசக்கித்துரை அண்ணாச்சிட்டயாவது காட்டுங்க."

இசக்கித்துரை மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர். இளவயதில் யாரோ ஒரு டாக்டரிடம் பெட்டி தூக்கியவர், அதனால் ஊருக்கு அவரும் டாக்டர். இந்த வட்டாரத்தில் அவர் ஊசி போடாத ஜீவன் கிடையாது. ஆடு, மாடு, நாய், பந்தயச் சேவல், ஒருதடவை சொந்த மச்சானுக்கே போட்டார் என்றும் பேச்சு. அப்பேர்ப்பட்டவர், வேனிலிருந்து நூலுவைத் தூக்கி இறக்கியதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"இத நான் தொடமாட்டேன் தாயி. ராஜபாளையம் கொண்டு போயிருங்க."

சொல்லிவிட்டுச் சங்கரபாண்டியை ஒரு பார்வை பார்த்தார். சங்கரபாண்டி தவிட்டு மூட்டையைப் பார்த்தான். கோழிக்கும் ஊசி போடுகிற மனுஷன் இதை ஏன் தொடமாட்டேன் என்கிறார் என்று அவள் மனதில் ஒரு முள் தைத்தது. ஆனால் நாய் தலையைத் தொங்கப் போட்டிருந்தது, நின்று கேட்க நேரமில்லை.

ராஜபாளையத்தில் அது பெரிய ஆஸ்பத்திரி. டோக்கன் கொடுத்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே டாக்டர் பிரின்ஸ் என்று ஓர் இளவயதுக்காரர் இருந்தார். பொறுமையான ஆள். நாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வயசு?"

"நாலு முடிஞ்சுது சார்."

"கடைசியா தடுப்பூசி எப்ப போட்டிய?"

செண்பகவல்லி புருஷனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"பூச்சி மருந்து?"

"தீவாளிக்கு முன்னால. இல்ல சார், பின்னால."

"பழைய சீட்டு, ஃபைலு எதுவும் இருக்கா?"

இல்லை. அவளுக்கு அந்த இடத்திலேயே கூசிப்போனது. பெற்ற பிள்ளைக்குப் பிறந்தநாள் தெரியாதவள் மாதிரி நின்றாள். எந்தத் தறிக்கு எந்த மாதம் பெல்ட் மாற்றினோம் என்று அவள் வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருக்கிறது. இந்த நாய்க்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

"சரி, எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா? ஊசி போட்டு வீங்குனது, வாந்தி எடுத்தது, அந்த மாதிரி?"

இது அவளுக்குத் தெரிந்து இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் சங்கரபாண்டி முந்திக்கொண்டான். "அதெல்லாம் கிடையாது சார். எந்த மருந்துன்னாலும் ஒத்துக்கும்."

டாக்டர் எழுதிக்கொண்டார். உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்றார். ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். நர்ஸ் விஜிதாவைக் கூப்பிட்டு, "டிரிப்ஸ் ஏத்தும்மா. அதுலயே பி காம்ப்ளெக்ஸ் ரெண்டு எம்.எல். போட்டுரு" என்றார். செண்பகவல்லிக்குத் தெரிந்த காம்ப்ளெக்ஸ் எல்லாம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை இருக்கிற காம்ப்ளெக்ஸ்தான். டாக்டருக்குத் தெரியாததா என்று தலையாட்டினாள்.

"முன்னால யார்ட்ட காட்டுனியளோ, அவங்கள்ட்ட போன்ல கேட்டு அந்தத் தடுப்பூசித் தேதிய மட்டும் சொல்லுங்கக்கா."

சங்கரபாண்டி கண்ணாலேயே வேண்டாம் என்றான். "அவ எடுக்கமாட்டா" என்று முணுமுணுத்தான். அவள் கேட்காத மாதிரி வராந்தாவுக்குப் போய் எண்ணைத் தேடி அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.

"டாக்டர், நான் சங்கரன்கோயில் செண்பகவல்லி பேசுதேன். நாய் ஒண்ணு கொண்டாருவோம், சிப்பிப்பாற..."

"நூலா? தறி வீட்டு நூலுதான? என்னக்கா, ஒரு வருஷமா ஆளையே காணும்? நல்லாருக்காளா?"

ஒரு வருஷமாக வாசல் மிதிக்காதவள் பேசுகிறாள், அந்தப் பக்கம் ஒரு குத்தல் பேச்சு இல்லை. சாப்பிடாததைச் சொன்னாள், ராஜபாளையம் வந்ததைச் சொன்னாள், டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள் என்று சொன்னாள். தடுப்பூசித் தேதி வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"தேதி கெடக்கட்டும்க்கா. பி காம்ப்ளெக்ஸ் அவளுக்கு ஆகாதுன்னு அங்க சொல்லிட்டியளா?"

"என்னது டாக்டர்?"

"பி காம்ப்ளெக்ஸ்க்கா. சத்து ஊசி! போன வருஷம் அதப் போட்டுத்தான செத்துப் பொழச்சா? ஒங்க வீட்டு அண்ணாச்சிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா? ஓடுங்கக்கா, மொதல்ல ஓடிப்போய்ச் சொல்லுங்க!"

செண்பகவல்லி ஓடினாள். கண்ணாடிக் கதவில் தோள் இடித்தது. உள்ளே டிரிப்ஸ் சொட்டிக்கொண்டிருந்தது. விஜிதா மஞ்சள் மருந்து ஏற்றிய ஊசியை டியூப்பில் குத்திவிட்டு, அமுக்கக் கட்டைவிரலை வைத்திருந்தாள்.

"எடும்மா கைய! எடுன்னா எடு!"

அவள் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த பொமரேனியன்கள் எல்லாம் குரைக்கத் தொடங்கின. விஜிதா பயந்துபோய்க் கையை உதறினாள். செண்பகவல்லி செல்போனை டாக்டர் பிரின்ஸின் காதுப் பக்கம் நீட்டினாள். டாக்டர்கள் இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். பிரின்ஸ் முகம் மாறிக்கொண்டே வந்தது. பேசிக்கொண்டே அந்த ஊசியை அவரே உருவி எடுத்துத் தட்டில் வைத்தார்.

"போட்டிருந்தா என்ன சார் ஆயிருக்கும்?"

"இருக்கிற நெலமைக்குத் தாங்கியிருக்காதுக்கா." போனை அவளிடம் கொடுத்துவிட்டுச் சங்கரபாண்டி பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நான் கேட்டேன்லா? ஏதாவது ஒத்துக்காம போயிருக்கான்னு கேட்டேன்லா?"

சங்கரபாண்டிக்கு முகம் வியர்த்திருந்தது. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. மனதார நம்பித்தான் சொன்னான்.

"நீங்க மருந்துன்னுல்லா கேட்டிய? அது மருந்தா? அது சத்து ஊசில்லா."

இந்த ஊரில் அப்படித்தான். காய்ச்சலுக்குப் போடுவது மருந்து, வலிக்குப் போடுவது மருந்து. சத்து ஊசி சாப்பாட்டில் சேர்த்தி. பேரீச்சம்பழம், முட்டை, சத்து ஊசி. அசதியாக இருக்கிறது என்று தறிக்காரர்கள் சனிக்கிழமை போய்ப் போட்டுக்கொண்டு வருவார்கள், வந்து பரோட்டா தின்பார்கள். அதைப் போய் மருந்து என்று யார் சொல்வார்கள்? "ஏதோ காம்ப்ளெக்ஸ்னாரு. சத்து ஊசின்னு வாயத் தெறந்து சொல்லியிருந்தா நான் அப்பவே சொல்லியிருப்பேம்லா" என்று இன்னும் ஒரு நியாயம் வேறு வைத்தான். டாக்டருக்கு இவன் பாஷை தெரியாது, இவனுக்கு டாக்டர் பாஷை தெரியாது. நடுவில் கிடந்த நாய்க்கு எந்தப் பாஷையும் தெரியாது.

நாலு மணி நேரம் கழித்து, ஊசி இல்லாமல் டிரிப்ஸ் மட்டும் ஏறி, மாத்திரைகள் எழுதி வாங்கி, மறுநாள் வரச் சொல்லி அனுப்பினார்கள். சேலைக் கட்டு ஏற்றுகிற வேனில் பின்பக்கம் நூலுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் செண்பகவல்லி. கரிவலம்வந்தநல்லூர் தாண்டியதும் கேட்டாள்.

"போன வருஷம் என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சொன்னான். வண்டி ஓட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பாமலே சொன்னான். தபசு பார்க்க ராயகிரியிலிருந்து வந்த அக்கா புருஷன் கருத்தப்பாண்டி, சாப்பாட்டுப் பந்தியில் அத்தனை பேர் முன்னால், "மாப்ள, மூணு தறி ஓடுத வீட்டு நாய்க்குக் கஞ்சிக்கும் வழியில்லையா?" என்று கேட்டுவிட்டாராம். ரோசம் வந்துவிட்டது. மறுநாள் அவள் இல்லாத நேரம் பார்த்து இசக்கித்துரையிடம் கூட்டிப்போய், நாய் தேற ஒரு சத்து ஊசி போடச் சொன்னானாம். போட்டுக் கொஞ்ச நேரத்தில் மூஞ்சி தேங்காய் மாதிரி வீங்கி, வாந்தி எடுத்து, கால் மடங்கி விழுந்துவிட்டதாம். இசக்கித்துரை கடையைச் சாத்திவிட்டார். இவன் தூக்கிக்கொண்டு ரூபியா டாக்டரிடம் ஓடியிருக்கிறான். அவர்தான் பிழைக்க வைத்திருக்கிறார்.

"பொழைக்க வச்சவட்ட என்ன கோவம் ஒங்களுக்கு?"

"பத்துப் பேரு இருக்கையில கேக்கா. 'நாய்க்கு மெலிவே இல்ல அண்ணாச்சி, ஒங்களுக்குத்தான் என்னமோ சீக்கு'ங்கா."

அதுதானா! அந்த ஒரு சொல் பொறுக்கவில்லை. அதற்காக ஒரு வருஷம். செண்பகவல்லிக்குக் காது இரண்டும் சூடேறியது. மடியில் நாய் இல்லாவிட்டால் எழுந்து நின்றிருப்பாள்.

"ஏங்க, தறி ரிப்பேருக்குக் கணேசன விட்டா வேற ஒரு ஆளத் தொட விட்டிருக்கியளா? பதினெட்டு வருஷம்! அவரு காய்ச்சலா கெடந்தப்ப நாலு நாள் தறிய நிறுத்திப் போட்டு உக்காந்திருந்தியளே. என்னத்துக்கு? 'அவருக்குத்தான் இந்தத் தறியோட சீக்கு தெரியும், புது ஆள் வந்தா ஒண்ணு கெடக்க ஒண்ணக் கழட்டிருவான்'னு சொன்னியளா இல்லையா? இரும்புக்கு ஒரே ஆளு வேணும். உசுரு இருக்கிறதுக்கு வேண்டாமா? நீங்க அவமானப்பட்டியன்னு என்ட்ட மறச்சிய, சரி. அது சாகக் கெடந்தத எப்படிங்க மறச்சிய?"

"செண்பகம், கத்தாதட்டி. ரோட்டப் பாத்து ஓட்ட வேண்டாமா?"

"ஓட்டுங்க. அத ஒண்ணாவது ஒழுங்காச் செய்யுங்க."

அவனிடம் அத்தனை கத்தியும் ஆத்திரம் அடங்கவில்லை. டாக்டர் பிரின்ஸ் தன்னிடம் மட்டும் கேட்டிருந்தால், நடந்தது எல்லாம் தெரிந்திருந்தாலும், தானும் ஒருவேளை "மருந்து எதுவும் இல்ல சார்" என்றுதான் சொல்லியிருப்போமோ என்று ஒரு நினைப்பு வந்தது. தானும் இந்த ஊர்க்காரிதானே. அது அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

பத்து நாளில் நூலு எழுந்து நடந்தது. பன்னிரண்டாம் நாள் அதை ரூபியா டாக்டரிடம் கொண்டுபோனாள். சங்கரபாண்டி வேனை ஓட்டிவந்து, உள்ளே வராமல் வாசலில் நின்றான். மேசைமேல் ஏற்றுவதற்கு முன்பே நூலு தானாக ஏறி நின்றது. டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வாய்க்குள் பேசிக்கொண்டே ஒவ்வொரு கணுவாகத் தடவினார். எடை போட்டுவிட்டு, "பதினேழு. போன வருஷம் பதினெட்டரை. ஒன்றரைக் கிலோதான் நஷ்டம், ஏறிரும்" என்றார். எலும்பு தெரிகிறதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

பிறகு அலமாரியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். நூலுவின் அட்டை. குட்டியில் போட்ட முதல் ஊசியிலிருந்து எல்லாம் இருந்தது. குறுக்கே சிவப்பு மையில் இங்கிலீஷில் இரண்டு வரி, அடியில் இரண்டு கோடு. அதற்குக் கீழே, 'விளக்கிச் சொல்லப்பட்டது' என்று எழுதி, சுழித்துச் சுழித்து ஒரு கையெழுத்து. சேலைக் கட்டு ரசீதில் எல்லாம் அவள் பார்க்கிற புருஷன் கையெழுத்துதான் அது.

செண்பகவல்லி அந்தக் கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள். பிறகு டாக்டரிடமே திரும்பினாள்.

"ஒங்க மேலயும் எனக்குக் கோவம்தான் டாக்டர். இத ஏன் என்ட்ட சொல்லல? ஒரு போன் போட்டிருக்கக்கூடாதா? குட்டியிலருந்து கொண்டாந்து காட்டுதது நானு."

டாக்டர் ரூபியா மறுக்கவில்லை. "தப்புதான்க்கா. ஓனர்ட்ட சொல்லியாச்சுன்னு நெனச்சுட்டேன்." அட்டையின் முதல் வரியைக் காட்டினார். உரிமையாளர்: சங்கரபாண்டி. கூடவே அவன் போன் எண்.

குட்டியை முதன்முதல் கொண்டுவந்த அன்று அந்தப் பேரைச் சொன்னது அவள்தான். வீட்டு வரி, கரண்டு பில், தறி லைசென்சு எல்லாவற்றுக்கும் சொல்லிப் பழகிய வாய், நாய்க்கும் அதையே சொல்லிவிட்டது.

"அத அடிங்க டாக்டர்."

டாக்டர் அடித்தார். செண்பகவல்லி தன் பேரைச் சொன்னாள், தன் போன் எண்ணைச் சொன்னாள். "அந்தச் செவப்பு மையில தமிழ்லயும் எழுதுங்க. இங்கிலீசு மட்டும் போதாது. 'சத்து ஊசி போடக்கூடாது, அதுவும் மருந்துதான்'னு எழுதுங்க. ரெண்டு சீட்டுல எழுதுங்க, ஒண்ணு என் பைலயே கெடக்கட்டும்."

டாக்டர் இரண்டு சீட்டிலும் எழுதினார். வாசலில் நின்றவன் எட்டிப் பார்த்தான். அடித்த பேர் அவன் கண்ணிலும் பட்டுவிட்டது.

"அப்ப நான் ஆருட்டி?"

"நீங்க வண்டி ஓட்டிட்டு வந்த ஆளு," என்றாள் செண்பகவல்லி.

அவன் குரல் கேட்டதும் நூலு மேசையிலிருந்து குதித்தது. வாசலுக்கு ஓடி, அவன் முழங்காலில் மூஞ்சியை வைத்து முட்டியது. வால் போட்ட ஆட்டத்தில் இடுப்பே சேர்ந்து ஆடியது. அவன்மேல் அதற்கு ஒரு வருத்தமும் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் செண்பகவல்லிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.